கட்டைபறிச்சானில் ஓர் அமெரிக்கத் தேர்தல் நாள்

புதன்கிழமை, காலை 8.30

லிங்கநகரில் நான் தங்கிய அறைக்கு நாள் வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு ரூபா. விசிறி உண்டு, கொசுவலை உண்டு. இன்டர்நெட் மட்டும் மழை பெய்தால் வராது. நவம்பர் முதல் வாரம். மழை விட்ட பாடில்லை. பென்சில்வேனியாவில் அப்போது இன்னும் செவ்வாய் இரவு பத்து மணி. அமெரிக்க சனாதிபதித் தேர்தல் முடிந்து வாக்கெண்ணத் தொடங்கியிருந்தார்கள். அந்த மாநிலத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். ஒரு பெற்றோல் நிலையம் வைத்திருக்கிறேன். பிரசாவுரிமையும் உண்டு, வாக்கைத் தபாலில் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

திருகோணமலைக்கு வந்தது கோணேசர் கோயிலைப் பார்க்க அல்ல. என் நிலையத்தில் காசு மேசையில் நிற்கும் ரவி ஒரு பையைத் தந்து, "அண்ணை, கட்டைபறிச்சானில என்ர மனிசியிட்டயும் மகளிட்டயும் குடுத்துவிடுங்கோ" என்று கேட்டிருந்தான். ஆறு வருடத்துக்கு முன் ஊரை விட்டுப் போனவன். அகதி வழக்கு நடக்கிறது. வேலை செய்ய அனுமதி உண்டு, நாட்டில் நிரந்தரமாக இருக்க அனுமதி இல்லை. வழக்கின் கடைசித் தவணை வரும் பெப்ரவரியில். வென்றால் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். தோற்றால் திருப்பி அனுப்புவார்கள், அவன் எதற்குப் பயந்து ஓடினானோ அதனிடமே.

காலை 9.15

கட்டைபறிச்சான் கொட்டியார் குடாவின் மறுகரையில், மூதூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெருவழியாக நாற்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஓட்டோக்காரர் நிஸ்தார் கிண்ணியாக்காரர். போய், நின்று, திரும்பிவரப் பதினோராயிரம் கேட்டார். ஒன்பதாயிரத்துக்கு இறக்கினேன். வெளிநாட்டில் இருந்து வந்து இரண்டாயிரம் ரூபாவுக்கு வாய்த்தர்க்கம் செய்கிற சாதி நான், மறைப்பானேன்.

கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது நிஸ்தார் கண்ணாடியில் என் கையைப் பார்த்தார்.

"அண்ணன், அமெரிக்காவில எலக்சன் என்டீங்க. விரல்ல மையக் காணல்லயே?"

"அங்க மை பூசுறேல்ல. நான் தபாலில போட்டனான்."

"தபால் வோட்டு அரசாங்க உத்தியோகத்தருக்கெல்லா? நீங்க பெற்றோல் செட் என்டீங்க."

"அங்க ஆரும் போடலாம். ஆனா போட்ட வோட்டு நேரா சனாதிபதிக்குப் போறேல்ல."

மனிதர் வண்டியை மெதுவாக்கினார். எனக்கும் விளங்கப்படுத்துவதில் ஓர் ஆசை. திருகோணமலை மாவட்டத்துக்கு நாலு எம்பி என்பது அவருக்குத் தெரியும். "ஒரு கட்சிக்கு மற்றதைவிட ஒரே ஒரு வோட்டுக் கூட விழுந்தா, நாலு எம்பியும் அந்தக் கட்சிக்கே எண்டு வையுங்கோ. அங்க அப்பிடித்தான். மாநிலத்துக்கு இத்தனை தேர்வாளர் எண்டு கணக்கு. எங்கட மாநிலத்துக்குப் பத்தொன்பது. ஒரு வோட்டால வெண்டாலும் பத்தொன்பதும் அவருக்கு. மொத்தம் ஐந்நூற்று முப்பத்தெட்டு. அதில இருநூற்றெழுபது எடுத்தவர் சனாதிபதி."

"அப்ப நாடு முழுக்கக் கூட வோட்டு எடுத்தவன் தோத்துப் போகலாமே?"

"ஓம். தோத்திருக்கினம்."

"அல்லாஹ்வே! இது என்ன விளையாட்டு?"

இரண்டு சிறிய மாநிலங்களில் மட்டும் கணக்கு வேறு. அதை விட்டுவிட்டேன். பெரும்பாலான மாநிலங்களின் முடிவு முன்னமே தெரியும் என்பதையும், எங்களுடையது போன்ற ஏழெட்டுத்தான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயக்கூடியவை என்பதையும் சொன்னேன். அதனால் காசு முழுவதும் அங்கேதான் வந்து கொட்டும். மூன்று மாதமாக எங்கள் தொலைக்காட்சியில் சவர்க்கார விளம்பரம் கூட இல்லை, வேட்பாளர்கள் இருவரும்தான்.

"அந்தக் காசெல்லாம் ஆர் குடுக்கிற?"

"சனம்தான். நானும் குடுத்தனான்."

நிஸ்தார் வாய்விட்டுச் சிரித்தார். "எங்கட ஊர்ல எலக்சன் வந்தா கூரைத் தகடு, சாரி, அரிசி என்டு அவனுகள் நமக்குத் தருவானுகள். நீங்க அவனுக்குக் குடுக்கிறீங்களா? தலைகீழா இரிக்கே!"

வரிப் படிவத்தில் மூன்று டொலருக்கு ஒரு பெட்டி உண்டு. அதில் புள்ளடி போட்டால் அரசாங்கப் பணத்தில் தேர்தல் நடத்தலாம் என்பது பழைய ஏற்பாடு. அந்தப் பணத்தை எடுத்தால் செலவுக்கு உச்சவரம்பு வரும், ஆகையால் பெரிய வேட்பாளர் எவரும் இப்போது அதைத் தொடுவதில்லை. ஒருவர் ஒரு வேட்பாளருக்குத் தேர்தல் ஒன்றுக்கு மூவாயிரத்து முன்னூறு டொலருக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று சட்டம். ஆனால் வேட்பாளருடன் கலந்து பேசாமல் வெளியே நின்று அவருக்காகச் செலவழிக்கும் குழுக்களுக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கலாம், கேட்பாரில்லை. இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது கிண்ணியா கடந்துவிட்டது.

"காசு குடுக்கிறவன் சும்மா குடுப்பானா, அண்ணன்?" என்றார். நான் வெளியே வயலைப் பார்த்தேன்.

முற்பகல் 11.10

கட்டைபறிச்சானில் தெரு முடிகிற இடத்தில் தவமலரின் வீடு. சீமெந்துக் கல் சுவர், தகரக் கூரை. வாசலிலேயே நின்றாள். "வாங்கோ அண்ணா, வாங்கோ" என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். நான் அதில் இருக்கவில்லை. எதிர்ச் சுவரில், அலுமாரிக்கு மேலே, பொன்னிறச் சட்டத்துக்குள் நான் இருந்தேன்.

என்னிடம் உள்ள ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரிய, சனாதிபதி வேட்பாளர்களில் ஒருவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"என்ர மனிசன் போனில அனுப்பினவர். மூதூரில குடுத்துப் பெரிசாக்கினனான்" என்றாள் தவமலர். "ஊரில எல்லாருக்கும் காட்டிப்போட்டன். அவற்ற முதலாளிக்குச் சனாதிபதியையே தெரியும் எண்டு."

அந்தப் படத்தின் கதை இதுதான். செப்டெம்பரில் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் நிதி திரட்டும் விருந்து. ஒரு கதிரைக்குப் பத்தாயிரம் டொலர், படம் உட்பட. மூவாயிரத்து முன்னூறு வேட்பாளருக்கு, மிச்சம் கட்சிக்கு. சட்டப்படி எல்லாம் சுத்தம். எங்கள் பெற்றோல் நிலையக்காரர் சங்கத்தில் எல்லோரும் போனார்கள். மின்சாரக் காருக்குக் கொடுக்கும் சலுகையை நிறுத்துவேன் என்று அவர் சொல்லியிருந்தார். பெற்றோல் விற்பவனுக்கு அது தேன். இருநூறு பேர் வரிசையில் நின்றோம். ஆளுக்கு எட்டுச் செக்கன். நான் கையை அவர் தோளில் போடப் பார்த்தேன், பாதுகாவலர் தட்டிவிட்டார். பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. பிறகு மேடையில் ஏறி, பத்திரம் இல்லாதவர்களை விமானம் விமானமாக ஏற்றி அனுப்புவேன் என்றார். மண்டபமே எழுந்து கைதட்டியது. நானும் எழுந்தேன், நானும் தட்டினேன். அந்த நேரம் என் நிலையத்தில் எனக்குப் பதிலாக நின்றவன் ரவி.

நண்பகல் 12.00

பையைத் திறந்தாள். சொக்லேற், ஒரு பழைய போன், மகளுக்குக் குளிர்காலத்து ஜாக்கெட். எட்டு வயதுப் பிள்ளை அந்தப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு வியர்த்து வடிய நின்றது. கழற்றச் சொன்னாலும் கழற்றாதாம். தகப்பன் போகும்போது அதற்கு இரண்டு வயது.

தவமலர் அலுமாரியைத் திறந்து மண்ணிறக் கோப்பு ஒன்றை எடுத்தாள்.

"அண்ணா, இதைத்தான் உங்களிட்டத் தரவேணும் எண்டு இருந்தனான்."

உள்ளே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த விண்ணப்பம். 'மாண்புமிகு அமெரிக்க சனாதிபதி அவர்களுக்கு.' அதன் பின்னால் கிராம சேவகரின் வதிவிடச் சான்று, சமாதான நீதவானின் முத்திரை, திருமணப் பதிவின் மொழிபெயர்ப்பு, பிள்ளையின் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை. ஒன்றுக்கும் குறைவில்லை. இங்கே ஓர் இடமாற்றமோ வேலையோ வேண்டுமென்றால், கோப்பைக் கட்டிக்கொண்டு விடிய எம்பி வீட்டுக்குப் போவார்கள். தனியே போனால் வாசலோடு சரி. எம்பிக்குத் தெரிந்த ஒருவர் கூடப் போகவேண்டும்.

"இஞ்ச எம்பியிட்டப் போறதெண்டாலே தெரிஞ்ச ஆள் வேணும். எங்களுக்கு நீங்கள் இருக்கிறீங்கள்" என்றாள். "உங்கட ஆள் வெண்டால் இதை அவற்ற கையில குடுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், சோறு வந்தது. கும்பிளா மீன் குழம்பு, முருங்கை இலைச் சுண்டல், பொரித்த மிளகாய். வெட்கம் கெட்டவன், இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். நிஸ்தாரும் சாப்பிட்டுவிட்டு ஓட்டோவுக்குள் சாய்ந்தார்.

பிற்பகல் 4.05

மழை சற்று விட்டபோது போனுக்குச் சிக்னல் வந்தது. பென்சில்வேனியாவின் பத்தொன்பதும் அவருக்கு. இருநூற்றெழுபதைத் தாண்டிவிட்டார். டிசெம்பரில் தேர்வாளர்கள் கூடி முறைப்படி வாக்களிப்பார்கள், ஜனவரி இருபதில் பதவியேற்பு. அதெல்லாம் சடங்கு. முடிந்தது முடிந்ததுதான்.

"வெண்டிட்டார்" என்றேன்.

அதே நொடியில் போன் மணியடித்தது. திரையில் வென்றவரின் படம், கீழே என் பெயர். 'சிவா, இது உங்கள் வெற்றி!' தவமலர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ அண்ணா! அவரே உங்களுக்கு மெசேஜ் போட்டிருக்கிறார்! வெண்டு ஒரு மணித்தியாலம் ஆகேல்ல!"

பிள்ளையைக் கட்டிப்பிடித்தாள். சாமிப் படத்தடிக்கு ஓடினாள், திருநீற்றோடு திரும்பி வந்தாள், என் நெற்றியில் பூசினாள். கண்ணீர் வழிந்தது. "வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைச்சனான், அண்ணா. இவர் வெல்லவேணும், வெண்டா என்ர முடியை இறக்கிறன் எண்டு." இடுப்புக்குக் கீழே வரும் பின்னல் அவளுடையது. அதை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு சிரித்தாள். ரவியின் மேசையில் உள்ள படத்திலும் அந்தப் பின்னல் அப்படித்தான் கிடக்கிறது.

இனியும் சொல்லாமல் இருந்தால் நான் மனிசனே இல்லை.

"தங்கச்சி, இருங்கோ. இந்த மெசேஜ் அவர் போட்டதில்லை. காசு குடுத்த எல்லாருக்கும் மெசின் போடுறது. கீழ பாருங்கோ, இன்னும் இருபது டொலர் கேக்குது. அவருக்கு என்னைத் தெரியாது. அந்தப் படம் நான் காசு குடுத்து எடுத்தது."

"பரவாயில்லை அண்ணா, காசு வாங்கினவர்தானே..."

"இன்னும் இருக்கு. ரவியைப் போல ஆக்களைத் திருப்பி அனுப்புவன் எண்டு சொல்லித்தான் அவர் வெண்டவர். வழக்கைக் கேக்கிற நீதவானும் நீதி அமைச்சின்ர ஆள். அமைச்சு சனாதிபதிக்குக் கீழ. ஒண்டும் முடிஞ்சுபோகேல்ல, நல்ல சட்டத்தரணி இருக்கிறார். ஆனா பெப்ரவரி இனிக் கஷ்டம்."

அவள் கதிரையில் இருந்தாள். பிறகு, "என்ர மனிசனுக்கு இது தெரியுமோ?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ எனக்கு இந்தப் படத்தை அனுப்பினவர்?"

"நீங்கள் பயப்பிடக்கூடாது எண்டு நினைச்சிருப்பான்."

"நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள், அண்ணா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாக்கு இரகசியம், எவருக்கும் தெரிய வராது. "இவருக்குத்தான்" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேத்தண்ணி போட எழும்பினாள்.

மாலை 5.20

மழை மறுபடி பிடிக்கப்போகிறது என்று நிஸ்தார் ஹோர்ன் அடித்தார். அந்த விண்ணப்பக் கோப்பை எடுத்து என் பைக்குள் வைத்தேன், எதற்கென்று எனக்கே தெரியாது. தவமலர் வாசல்வரை வந்தாள்.

"நேர்த்தியை விடுங்கோ தங்கச்சி" என்றேன். "தெரியாமல் வைச்சது. முருகன் குறை நினைக்கமாட்டார்."

"நான் கேட்டது இவர் வெல்லவேணும் எண்டுதானே. கேட்டதை அவர் தந்திட்டார். வெள்ளிக்கிழமை வெருகலுக்குப் போய்க் குடுத்துப்போட்டு வாறன். கடவுளைப் பேய்க்காட்டி ஏமாத்த ஏலாது, அண்ணா."

லிங்கநகரில் இறங்கியபோது பேசிய ஒன்பதாயிரத்தைக் கொடுத்தேன். மேலே இரண்டாயிரம் வைத்தேன். "இது என்னத்துக்கு?" என்று திருப்பித் தந்துவிட்டார்.

சனிக்கிழமை, கட்டுநாயக்க விமான நிலையம், பகல் 1.00

பென்சில்வேனியாவில் என் தெருவில் யாரும் யாரிடமும் கோப்போடு போவதில்லை. முற்றத்தில் வேட்பாளரின் பெயர்ப் பலகையை நடுகிறோம், தேர்தல் முடிந்ததும் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போடுகிறோம், புல் வெட்டுகிறோம். எனக்கு இதில் நட்டம் என்று ஒன்றும் இல்லை. பெற்றோல் விற்கும், வரி குறையும். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விமானத்துக்கு அழைக்கும் நேரத்தில் ரவி போனில் கூப்பிட்டான். தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டைப் பற்றிக் கேட்டான், மகள் வளர்ந்துவிட்டாளா என்று கேட்டான். பிறகு கொஞ்சம் தயங்கினான்.

"அண்ணை, நேற்றிரவு வீடியோவில கதைச்சனான். தவம் தலையை இறுக்கிச் சீலையால மூடிக்கொண்டு நிக்கிறா. ஏன் எண்டு கேட்டன், தடிமன், மூக்கடைப்பு எண்டு சொல்றா. நீங்கள் போகேக்க நல்லாத்தானே இருந்தவ?"

"ஓம் ரவி, தடிமன்தான்" என்றேன். "அங்க ஊர் முழுக்கத் தடிமன்."