ஒரே பட்டு, இரண்டு பூசை

எங்கள் அம்மாவும் சித்தியும் ஜென்மப் பகையாளிகள் என்று சாந்தோமில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அது யுத்த காலம். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் குடித்தனம் நடத்திவந்தார்கள். அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அம்மாவும் சித்தியும் பேசுகிற பேச்சுக்கு முடிவே கிடையாது. கொஞ்சம் நிறுத்துங்களேன் என்று அப்பா கெஞ்சுவார். வெளியே மட்டும் கதை வேறு மாதிரி ஓடியது.

எல்லாம் ஒரு புடவையால் வந்தது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், சித்தப்பா தபாலாபீஸ் குமாஸ்தா. துணிக்குக் கட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, அரிசிக்கு ரேஷன். ஆனாலும் அந்த இரண்டு பெண்களும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சிக்கனம் பிடித்ததாக எனக்கு ஞாபகமில்லை. தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளை ஒன்றாக அமுக்கிப் புது சோப்பு செய்தார்கள். கரித்தூளைக் களிமண்ணோடு பிசைந்து உருட்டி வெயிலில் காயவைத்தார்கள். அப்பாவின் சட்டைக் காலர் நைந்தால் பிரித்து, மறுபக்கத்தைத் திருப்பித் தைத்துவிட்டு, கடைச் சட்டை தோற்றது என்று தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள்.

அம்மாவின் கல்யாணப் பட்டு, எனக்கு டைபாய்டு கண்ட வருஷம் பழைய சரிகை வாங்குகிறவனிடம் போய்விட்டது. மிஞ்சியது சித்தியின் அரக்குப் பட்டு ஒன்றுதான். சித்தி அதைக் கொண்டுவந்து அம்மாவின் பெட்டியில் வைத்தாள்.

"இனிமே இது நம்ம ரெண்டு பேருக்கும்க்கா" என்றாள். அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோவிலில் இரண்டு பூசை. விடியற்காலைப் பூசைக்கு அம்மா பட்டுக் கட்டிக்கொண்டு அப்பாவோடு போவாள். அவள் திரும்பி வந்து கதவைச் சாத்தியதும் புடவை கை மாறும். சித்தி அதை அவசரமாகச் சுற்றிக்கொண்டு, சித்தப்பாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு இரண்டாம் பூசைக்கு ஓடுவாள். முதல் பூசை முடிந்து வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று கடற்கரை மணலில் சுற்றிக்கொண்டு போவோம். என் பாவாடையெல்லாம் மணலாகிவிடும்.

ஊர் சும்மா இருக்குமா? வாசலுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"இன்னாம்மா, ஓரகத்திங்க ரெண்டு பேரும் ஒண்ணா கோயிலுக்கு வர்றதே இல்லியாமே? வீட்ட ரெண்டாக்கப் போறீங்கன்னு பேசிக்கினு கீறாங்க."

அம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடி, "பேசட்டும்" என்றாள். உள்ளே வந்ததும் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மாதா திருநாள் நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பு குறைந்தது. திருநாளன்று ஒரே பாட்டுப்பூசைதான். போன வருஷம் சித்தி தலைவலி என்று வீட்டில் இருந்துவிட்டாள். இந்த வருஷம் தலைவலி வர வேண்டியது அம்மாவுக்கு. ஆனால் தலைவலி தனக்குத்தான் என்று சித்தி அடம்பிடித்தாள். உண்மையில் அந்த வீட்டில் நான் பார்த்த ஒரே சண்டை அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"பகையோட பூசையில நன்மை வாங்கக்கூடாது, தெரியுமில்ல? உங்க ரெண்டு பேருக்கும் ஆகலைன்னு ஊரெல்லாம் பேச்சா இருக்கு."

நான் முந்திக்கொண்டு, "அது வந்து சாமி, புடவை..." என்று ஆரம்பித்தேன். சித்தி என் தொடையைக் கிள்ளிய கிள்ளில் மீதி வார்த்தை வயிற்றுக்குள் போய்விட்டது.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாங்க சாமி. கொஞ்சம் மனஸ்தாபம்" என்றாள்.

"எதனால?"

"அடுப்பு விஷயமா" என்றாள் அம்மா. அதே நேரத்தில், "தண்ணி விஷயமா" என்றாள் சித்தி.

சாமியார் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. குடைப்பிடியையே வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"சரி. நான் ஒரு அபராதம் போடறேன். திருநாளுக்கு ரெண்டு பேரும் ஜோடியா வரணும். பட்டு கிட்டு ஒண்ணும் கூடாது. வீட்ல கட்டற நூல் புடவையிலயே வரணும். யாராவது கேட்டா, சாமியார் போட்ட அபராதம்னு சொல்லுங்க."

அவர் தெருமுனை தாண்டியதும் சித்தி பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். அம்மா மார்பில் கை வைத்துக்கொண்டு, "நல்ல வேளை, மனுஷருக்கு விஷயம் தெரியல. ரெண்டு பேர் சம்பாதிக்கிற வீட்ல ஒரு பட்டுதான்னு தெரிஞ்சா, ஆம்பளைங்க எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாங்க?" என்றாள். இல்லாதவர்கள் என்று பேர் வாங்குவதைவிடச் சண்டைக்காரிகள் என்று பேர் வாங்குவது அவர்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. ஆனால் சாமியாரிடமே பொய் சொன்ன பாவம் உறுத்தியது. அதை அவரிடமே பாவசங்கீர்த்தனம் செய்ய முடியுமா? டிராம் காசையும் மிச்சம் பிடித்து, லஸ் வரை நடந்துபோய், முன்பின் தெரியாத ஒரு சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தார்கள்.

திருநாளன்று கஞ்சி போட்டு வெளுத்த நூல் புடவையில் இரண்டு பேரும் கைகோர்த்துக்கொண்டு பெரிய தெரு வழியாகவே நடந்தார்கள். பட்டுக் கட்டிய பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மீன்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டு, சாமியார் நாக்கில் வைத்த நன்மை அப்பத்தை வாங்கினார்கள். அன்றைக்கு அவர்கள் முகத்தில் இருந்த களையை எந்தப் பட்டிலும் நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு சில பெண்களும் நூல் புடவையில் வர ஆரம்பித்தார்கள். அபராதம் முடிந்ததென்று சாமியார் சொல்லவே இல்லை, இவர்களும் கேட்கவில்லை.

அந்தச் சாமியாரைப் போல ஓர் ஏமாளி கிடையாது என்று நான் பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நன்மை கொடுக்கிறவர், முந்தானையால் முக்காடிட்டு முழங்காலில் நிற்கிற பெண்களுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் குனிகிறவர் என்பதை நான் யோசிக்கவில்லை. முதல் பூசையும் அவர் வைத்ததுதான், இரண்டாவதும் அவர் வைத்ததுதான். எனக்கு இது உறைத்தபோது சொல்வதற்கு அவர்கள் இல்லை. அம்மாவும் சித்தியும் அவரை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தோடேயே போய்ச்சேர்ந்தார்கள்.