செவ்வாய்க்கிழமைத் திராட்சைத் தோட்டம்

சனிக்கிழமை போவதா, செவ்வாய்க்கிழமை போவதா என்ற கேள்வி இரண்டு மாலைகள் விவாதிக்கப்பட்டது. இரு தரப்பு நியாயங்களும் தாளில் எழுதப்பட்டன. சனிக்கிழமை கூட்டம் வரும், என் புகைப்படங்களில் அந்நியர் முதுகுகள் விழும் என்று வாதாடி வென்றேன். 2007 ஆகஸ்ட் கடைசிச் செவ்வாய் என்று தீர்மானம் நிறைவேறியது.

தோற்ற தரப்பு குணா அண்ணை. எங்கள் அலுவலக கேன்டீனில் சமைப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி, மகளுடன் நகருக்குள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடியில் பதினோரு வருடமாக இருக்கிறார். எனக்கு இது ஊர்சுற்றல், அவருக்கு அப்படியில்லை. மொன்றியலுக்கு வெளியே ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் வேலையும், குடியிருக்க வீடும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நேரில் பார்க்கும் அன்றே பதில் சொல்லிவிட வேண்டும்.

ரொக்ஸ்பரோவில் காலை 9.40 ரயில். கடைசி நிலையத்துக்குப் பதினைந்து நிமிடம். அங்கிருந்து டாக்சியில் 14 கிலோமீட்டர், 27 டாலர். ஓட்டுநர் இறக்கிவிட்டு, இன்றைக்கு இங்கே யாரும் இருக்க மாட்டார்களே என்றார். எனக்குப் பரம திருப்தி.

உண்மையிலேயே யாரும் இல்லை. தெப்பனர் என்று இங்கே சொல்லும் பெட்டிக்கடை திறந்திருந்தது, உள்ளே ரேடியோ பேசிக்கொண்டிருந்தது, கல்லாவில் ஆளில்லை. ஆற்றோரமாக மூன்று கிலோமீட்டர் நடந்தோம். இரு பக்கமும் கொடிகளை வெள்ளை வலையால் போர்த்தியிருந்தார்கள். வலைக்குள் பழங்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. எங்கோ ஒரு பறவை அலறியது. சற்றுப் பொறுத்து அதே அலறல், அதே இடத்தில் உடைந்து. கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிதான். நிஜப் பறவை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

வீடு கொடிகளுக்கு நடுவே இருந்தது. நீல ஜன்னல்கள், பின்பக்கம் ஆறு. அண்ணை அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

"பிள்ளைக்கு ஓடித் திரிய இடம் காணும், என்ன தம்பி? அங்க மேல்வீட்டுக்காரன் தும்மினா நான் மூக்குத் துடைக்க வேண்டிக் கிடக்கு."

"அப்ப ஓகே சொல்லிடுங்கண்ணே."

"ஓம். சொல்லத்தான் போறன்."

அப்போது வெடித்தது. மிக அருகில், அடுத்தடுத்து இரண்டு. எலுமிச்சைச் சாதப் பொட்டலத்துடன் நான் நின்றுகொண்டிருந்தேன். அண்ணை ஏற்கெனவே தரையில் இருந்தார். என் காலைப் பிடித்து இழுத்தார்.

"படுங்கோ! தலையைத் தூக்காதேங்கோ!"

படுத்தேன். வலைகள் அசையவில்லை. ஒலிபெருக்கியில் பறவை அலறியது. புகையில்லை, ஆளில்லை. அண்ணை கன்னத்தை மண்ணில் வைத்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது நிமிடம் மறுபடி வெடித்தது. அதற்கடுத்தது பத்தொன்பதாவது நிமிடம்.

தோட்டக்காரப் பெண்மணி எங்களைத் தேடி வந்தபோது முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தோம். பறவை விரட்டும் வாயுத் துப்பாக்கி, தானாக வெடிக்கும், அறுவடை வரை என்று பெருமையாக விளக்கினார். அண்ணை பிரெஞ்சிலிருந்து எனக்கு மொழிபெயர்த்தார்.

"நேரம் மாத்தி மாத்தித்தான் அடிக்குமாம். ஒரே கணக்கில அடிச்சா பழகிப்போயிடுமாம்."

"யாருக்கு?"

"பறவைக்கு, தம்பி."

சாப்பிடும்போது அவர் வீட்டைப் பார்க்கவில்லை. "நான் சமாளிப்பன். மனுசிக்கு ஏலாது. இடி இடிச்சாலே பிள்ளையையும் இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழ போறவ." பிறகு எழுந்துபோய் அந்தப் பெண்மணியிடம் இரண்டு நிமிடம் பேசினார். மெர்சி, அதாவது நன்றி, என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

திரும்பும் ரயில் 4.10. அதுவரை நான்கு வகை ஒயின் ருசித்தேன். நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. மொழி தெரியாத ஊரில் ஆளில்லாமல் நடப்பது மனதைத் தெளிவாக்கும் என்று கிளம்பும்முன் நம்பியிருந்தேன். இப்போது அதைப் பற்றி அபிப்பிராயம் இல்லை.

போகிறவர்களுக்கு: தொப்பி, தண்ணீர், சில்லறை அவசியம். டாக்சியைத் திரும்பி வரச் சொல்லி வையுங்கள். பழம் கறுக்கும் பருவத்தில் வார நாட்களைத் தவிருங்கள். சனி, ஞாயிறுகளில் சுற்றுலாக்காரர்கள் வருவதால் துப்பாக்கியை அணைத்துவிடுகிறார்கள். வாசல் பலகையில் எழுதியிருக்கிறது, வெளியே வரும்போது படித்தோம்.

அந்த வீட்டில் செப்டம்பரிலிருந்து வேறொரு குடும்பம் இருக்கிறது.