ஜெயபால் ஊதிக் காட்டிய மூச்சு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கிரைண்டிங் பட்டறை. பக்கத்து மெஷினில் நின்ற துலுக்கானத்தின் பாதுகாப்புக் கண்ணாடி உடைந்துபோனபோது, ஜெயபால் தம்முடையதைக் கழற்றி அவன் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனார். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

தொண்ணூற்றாறாம் வருடம் அவர் நடை கொஞ்சம் கோணியது. சாயங்காலமானால் பேச்சு குழறும். சோற்றுத்தட்டு கையிலிருந்து நழுவும். மனைவி ஞானகுமாரிக்கு ஒரே எண்ணம்தான்: குடி. அவள் அப்பனைத் தின்றதும் அதுதான். வாசலிலேயே மறித்து, "ஊதுய்யா" என்பாள். அவரும் பிள்ளைபோல ஊதுவார். வாடை வராது.

"இன்னாத்தையோ மென்னுட்டு வந்துகீற" என்பாள். ஜெபமாலை உருட்டும்போதும் கண் அவர் காலடியிலேயே இருக்கும்.

ஒருநாள் பட்டறையிலேயே வலிப்பு வந்து விழுந்தார். மூளையைப் படமெடுக்கச் சொல்லி ஸ்கேனுக்கு அனுப்பினார் டாக்டர். ஞானகுமாரியோடு துலுக்கானமும் கூடப் போனான். ஆளையே உள்ளே தள்ளுகிற பெரிய காந்தம் அது. ஸ்கேன்காரர் கேட்டார்: "கண்ணுல எப்பவாவது இரும்புத்தூள் பட்டிருக்கா?"

"இல்ல சார்." கேட்டு முடிப்பதற்குள் ஜெயபாலிடமிருந்து பதில் வந்தது.

அந்த அவசரம் ஞானகுமாரிக்குப் பிடிக்கவில்லை. "இன்னாத்த மறைக்கிற?"

துலுக்கானம் தலையைக் குனிந்துகொண்டான். "பட்டுது அண்ணி. கண்ணாடிய எனக்குக் குட்த்துட்டு அண்ணாத்தே வெறுங்கண்ணோட நின்னாரு."

"தூள் உள்ள இருந்தா காந்தம் இழுத்துரும். பார்வையே போயிடும்" என்றார் ஸ்கேன்காரர்.

"ஏன்யா பொய் சொன்ன?"

"உள்ள வுடலன்னா, நான் குடிக்கலன்னு உனக்கு யாரு சொல்றது?" என்றார் ஜெயபால்.

கண்ணை எக்ஸ்ரே எடுத்தார்கள். இடக்கண்ணில் புள்ளியாக ஒரு தூள். கண் டாக்டர் அதை எடுத்து, புண் ஆறிய பிறகுதான் காந்தத்துக்குள் விட்டார்கள். படத்தில், மூளைக்குள் எலுமிச்சங்காய் அளவு கட்டி.

அப்போதும் அவள் நம்பவில்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது இவரு தலதானா சிஸ்டர்? வேற யாருதாச்சும் மாத்திக் குட்த்துட்டீங்களா?" என்று கேட்டாள். நர்ஸ் ஓரத்தில் இருந்த பெயரை வாசித்துக் காட்டினாள். ஞானகுமாரி படத்தை உறைக்குள் போட்டாள்.

ஆபரேஷனுக்குப் போனவர் பிழைத்து வரவில்லை, ஆண்டவர் சித்தம். அன்று காலை, மொட்டைத் தலையோடு தள்ளுவண்டியில் கிடந்தவர், கதவருகே அவளைக் கிட்டே வரச்சொல்லிக் கையசைத்தார். அவள் குனிந்தாள்.

"இன்னா குமாரி, இன்னிக்கு ஊதச் சொல்லலியா?"