ஸ்டாஃப் ரூம் வரை போன மைக்

பள்ளிகளுக்குப் போகத் தொடங்கியிருக்கும் இளம் ஆடியாலஜிஸ்டுகளுக்காக இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

மோனிகா மூன்றாம் வகுப்பு. இரண்டு காதிலும் ஹியரிங் எய்ட். வகுப்பு இரைச்சலில் அது மட்டும் போதாது என்பதால், மிஸ் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு வயர்லெஸ் மைக் கொடுத்திருந்தோம். மிஸ் பேசுவது நேராக அவள் காதுக்குப் போகும். அப்பா பெங்களூரு நீலசந்திராவில் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா செல்விக்கு கார்மென்ட்ஸில் தையல் வேலை. ஒரு நாள் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். என்னையும் அழைத்துப் போனார்கள்.

"மைக் போட்டும் அவளுக்குக் கேக்கல மா," என்றார் பிரின்சிபால். "டி.சி. வாங்கிட்டு ஸ்பெஷல் ஸ்கூல்ல சேத்துடுங்க."

பக்கத்தில் மிஸ் தலையாட்டினார்.

நான் மூன்று விஷயங்கள் தயார் செய்திருந்தேன்: டெஸ்ட் ரிப்போர்ட், வகுப்பில் அவள் உட்கார வேண்டிய இடம், அவளை வெளியே அனுப்பக் கூடாது என்னும் சட்டம். எதையும் எடுக்குமுன் அப்பா எழுந்துவிட்டார். "வா செல்வி, வேற ஸ்கூல் பாத்துக்கலாம்."

"நீ உக்காருய்யா," என்ற செல்வி மிஸ் பக்கம் திரும்பினார். "நேத்து ஸ்டாஃப் ரூம்ல என்ன பேசினீங்க மிஸ்?"

"எது?"

"'அந்தச் செவிடுக்குப் பாடம் நடத்துறது சும்மா டைம் வேஸ்ட். நாளைக்கு டி.சி. குடுத்து அனுப்பிடுவாங்க.' சொல்லிட்டு சிரிச்சீங்களாம்."

"யார் சொன்னது?"

"மோனிகாதான். அவளுக்குத்தான் கேக்காதே."

மிஸ் கை தானாகக் கழுத்து மைக்குக்குப் போனது. வகுப்பை விட்டுப் போகும்போது அதை மியூட் செய்ய வேண்டும். செய்யாமல் மாட்டிக்கொண்டே போயிருக்கிறார். வகுப்பில் உட்கார்ந்திருந்த குழந்தையின் காதில் அத்தனையும் விழுந்திருக்கிறது.

பிரின்சிபால் வருத்தம் தெரிவிப்பார் என்று நினைத்தேன். "மைக் வச்சு வேவு பாக்குறீங்களா?" என்று என்மேல் பாய்ந்தார்.

"கேக்கலன்னு நீங்கதான் சொன்னீங்க மேடம். சுவத்துக்கு அந்தப் பக்கம் பேசினதே கேட்டிருக்கு." என்றேன், குரலை உயர்த்தாமல்.

"டி.சி. வாங்க மாட்டேன்," என்றார் செல்வி. "அவ இங்கதான் படிப்பா."

அப்பா மறுபடி உட்கார்ந்தார்.

டி.சி. பேச்சு அன்றோடு நின்றது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை, இன்றுவரை.

நான் கற்றது இது: ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு மீட்டிங்குக்குப் போகுமுன், வகுப்பில் என்ன நடக்கிறது என்று குழந்தையிடம் கேளுங்கள். அப்புறமும் கேட்டுக்கொண்டே இருங்கள். அடுத்த செக்கப்பில், எய்டை அடிக்கடி அணைத்து வைப்பது அதன் பதிவில் தெரிந்தது; ஏன் என்று மோனிகாவிடம் கேட்டேன்.

"மிஸ் வெளிய போறப்ப மட்டும்தான்க்கா," என்றாள்.