எழுபது வளைவில் ஒரு ஒத்திகை

இன்று மாலை ஆறு மணிக்கு நாமக்கல்லில் மேடையேறி மக்களைச் சிரிக்க வைக்க வேண்டும். கையில் இருப்பது ஒரே ஒரு புது ஜோக். மலைமேல் செம்மேட்டில் பஸ் ஏறியதும், முன் சீட்டில் இருந்த அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன்.

“எங்க மலைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க வேண்டாம்னு சொன்னதே இல்லீங்க. அப்பறம் மனசு மாறுனா, மறுபடியும் எழுபது வளைவு ஏறணுமே!”

அக்கா சிரிக்கவில்லை. “நெசந்தானே சாமி. இதுல சிரிக்க என்ன இருக்குது?”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒப்புக்கொண்டுவிட்டார். வளைவுகளை எண்ணத் தொடங்கினேன்.

பன்னிரண்டாவது வளைவில் அக்கா குலுங்கிச் சிரித்தார். பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி இருந்த கணவரை இடித்தார்.

“ஏனுங்க, அப்ப நீங்களும் பஸ்ஸுக்குப் பயந்துதான் என்னையக் கட்டுனீங்களா?”

மலைக்குக் கீழே பிறந்த அந்த மனிதர் நிதானமாகச் சொன்னார்: “பொண்ணு புடிச்சிருக்கான்னு கேட்டாங்க. வாயத் தெறந்தா வாந்தி வந்துரும்னு தலைய மட்டும் ஆட்டுனேன்.”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதையே மறந்துவிட்டார். ஐந்து வருடத்தில் எனக்கு அப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை.

“அண்ணா, இத நான் மேடையில சொல்லிக்கட்டுங்களா?” என்று கேட்டேன்.

எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினார்.

அது சம்மதம்தானா? மலைப் பஸ்ஸில் அனுபவம் உள்ளவர்கள் ஆறு மணிக்குள் சொல்லவும்.