மிளகாய் லாரியும் ஒற்றைச் செக்கும்

பேய் பிசாசை நான் நம்பியதே இல்லை. நம்ப எனக்கு நேரம் இருந்ததில்லை என்பதுதான் சரி. கேஸை மூடினேனா, பூட்டை இழுத்துப் பார்த்தேனா, படகில் குடையை விட்டுவிட்டேனா என்று ஒரு நாளைக்கு நூறு பயம் எனக்கு, இதில் பேய்க்கு எங்கே இடம்? அதனால் நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. நடந்தது பகல் மூன்று மணிக்கு, நான் நன்றாக விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மட்டாஞ்சேரியில் ஹம்சா இக்காவின் மிளகாய்க் கிடங்கில் கணக்கு பார்க்கிறேன். இக்கா என்றால் இங்கே அண்ணன். எட்டாவதோடு பள்ளியை விட்டவள். முன்பெல்லாம் செக்கைக் கையால்தான் எழுதுவேன். எழுதியது சரியோ என்ற பயத்தில் அதே எண்ணின் மேல் இன்னொரு தரம் பேனாவை ஓட்டிவிடுவேன். அப்படி இரண்டு செக் பாங்கிலிருந்து திரும்பி வந்தன.

"மோளே, இனி நீ பேனா தொடண்டா. மூணாவதும் திரும்பினா நான் வேற ஆளைப் பாக்கணும்" என்று இக்கா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, செக் அச்சடிக்கிற சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டார். சிரித்தது அவர், தூக்கம் போனது எனக்கு.

ஒரு மாதம் கழித்து, இடப்பள்ளியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய அவசரத்தில், ஒரே ஒரு செக்கில் கையெழுத்து மட்டும் போட்டு வைத்துவிட்டு இக்கா போனார். விருதுநகரிலிருந்து மிளகாய் லாரி வந்து நின்றது. வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

"செக் கைக்கு வராம மூட்டைய எறக்கக் கூடாதுன்னு எங்க மொதலாளி சொல்லிட்டாருக்கா" என்றார் டிரைவர் சேர்மராஜ் அண்ணாச்சி. "தார்ப்பாய் வேற கிழிசல். மழை வந்தா லாரியோட ரசம் வச்சிரலாம்."

முதலில் வெள்ளைத் தாளில் அடித்து, அதைச் செக்கின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், எழுத்து சரியான கோட்டில் விழுகிறதா என்று. கோடு சரி, எழுத்துதான் இல்லை. பெயர், தொகை எல்லா இடத்திலும் கட்டம் கட்டமாக வரிசை. சாஃப்ட்வேர் கடை ஷிபுவுக்குப் போன் போட்டேன்.

"ஃபாண்ட் பிரச்னை சேச்சி. லிஸ்ட்ல வேற ஒண்ணு எடுத்து நோக்கூ."

"நாலு எடுத்துப் பாத்தாச்சு ஷிபு, நாலும் ஜன்னல் ஜன்னலாத்தான் வருது."

"அப்படீன்னா இன்னைக்குக் கையால எழுதிக்கோ. நாளைக்கு நான் வரேன்."

கையால் எழுதுவதாம். தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது. லிஸ்டின் கடைசியில் பெயரே இல்லாமல் ஒரு காலி வரி இருந்தது, அதைத் தொட்டுப் பட்டனை அமுக்கிவிட்டேன். அப்புறம்தான் பார்க்கிறேன், பதற்றத்தில் வெள்ளைத் தாளுக்குப் பதில் இக்கா கையெழுத்திட்ட செக்கையே மெஷினில் வைத்திருக்கிறேன்.

வெளியே வந்த செக்கில் எழுத்து இருந்தது. நம்பினால் நம்புங்கள், அது என் எழுத்து. வயிறு பெருத்த என் ஐந்து, நடுவில் கோடு போட்ட என் ஏழு. ஆனால் ஓரிடத்தில்கூட ஒன்றின் மேல் ஒன்று எழுதவில்லை. அவ்வளவு சுத்தமாக நான் எழுதி நானே பார்த்ததில்லை.

அண்ணாச்சி செக்கைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். "என்னக்கா இம்புட்டு அழுத்தி எழுதியிருக்கீக, எழுத்து அந்தப் பக்கம் முட்டிக்கிட்டு நிக்குது."

"நான் எழுதல அண்ணாச்சி, மெஷின்."

"அப்ப மெஷினுக்கும் பயந்தான் போல" என்று சொல்லிவிட்டு மூட்டையை இறக்கச் சொன்னார்.

கடைசி மூட்டை உள்ளே வந்த பிறகுதான் மழை கொட்டியது. செக் பாஸாயிற்று. வேலை போகவில்லை, இக்கா கல்யாண பிரியாணிகூடக் கொண்டுவந்து தந்தார். மறுநாள் ஷிபு வந்து பார்த்தபோது லிஸ்டில் அந்தக் காலி வரியே இல்லை. "சேச்சி பேடிச்சுப் பயந்து போயிருப்பீங்க, அதான் இல்லாததெல்லாம் கண்ணுல பட்டிருக்கு" என்று சிரித்தான். அவன் சரிசெய்த பிறகு எல்லாரும் அடிக்கிற அதே அச்செழுத்துதான் விழுகிறது.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் செக் அடித்த அன்று சாயங்காலம் அரிசி களையும்போது பார்த்தேன், வலது நடுவிரலில் பேனா அழுத்தின பள்ளம், சிவந்துபோய். பேனாவைத் தொட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. இக்காவிடம் காட்டினால், தொடாதே என்றேனே என்பார்.

இப்போதும் செக் அடித்து மெஷின் நின்றதும் அந்த விரலைத் தடவிப் பார்ப்பேன். சில நாள் பள்ளம் இருக்கிறது.