காலையில் நடக்கப் போன இரண்டு பேர்

என் கணவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது என்று கூலிம் மருத்துவமனையில் சொன்ன அன்று, அவர் வீட்டுக்கு வந்து தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சீனி இருக்காம்" என்றார்.

நான் அடுப்படியிலிருந்தே, "இருக்கே, நேத்துதான் வாங்கினேன்" என்றேன்.

"டின்ல இல்லடி, ரத்தத்துல."

எண்பதுகளின் தொடக்கம் அது. கூலிம் பட்டணத்தின் ஓரத்தில், ரப்பர் காட்டை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு எங்களுடையது. அவர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. வயது நாற்பதைத் தொடவில்லை. ஆனால் சட்டையின் கடைசிப் பொத்தான் எப்போதோ அவரை விட்டுப் போயிருந்தது. காலையில் சீனி கலந்த டின் பால் ஊற்றிய தேத்தண்ணீர், பத்து மணிக்கு ஒன்று, மதியம் ஒன்று, வேலை முடிந்து வரும் வழியில் கடையில் நுரை பொங்க ஒன்று. தெருமுனைக் கடைக்கு ரொட்டி வாங்கப் போவதற்கும் மோட்டார் சைக்கிள்தான்.

மருத்துவர் இளம் மலாய்ப் பெண். இனிப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு, "ஜாலான் காக்கி, ஹரி ஹரி" என்றாராம். தினமும் நடக்க வேண்டும். மாத்திரையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

டின் பாலை அன்றைக்கே பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவான மக்சிக்கிடம் கொடுத்துவிட்டேன். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற தகப்பனைப் போல என் கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் வெறும் தேத்தண்ணீருக்கு அவர் சீக்கிரமே பழகிவிட்டார். நடப்பதுதான் வரவில்லை.

அதில் எனக்கும் பங்குண்டு. நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மா பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். இருட்டோடு கிளம்பி, வாளியைச் சுமந்து, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து தேய்ந்த கால்கள் அவருடையவை. எனக்கு மோட்டார் வைத்திருக்கிற கிராணி மாப்பிள்ளை அமைந்தபோது தொழிலாளர் லயத்தில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "இனி ஒனக்கு நடக்கற வேலையே இல்ல." நடப்பது என்றால் எங்களுக்குக் கஷ்டப்படுவது. ஒரு வேலையும் இல்லாமல், போய்ச் சேர ஓர் இடமும் இல்லாமல் நடப்பதா? கேட்கவே கூச்சமாக இருந்தது.

முதல் நாள் காலை அவர் அலுவலகக் கால்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கிளம்பினார். சாதாரண உடையில் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பயம். போனவர் கொஞ்ச நேரத்திலேயே யாரோ ஒருவருடைய மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பினார்.

"என்னங்க இது?"

"என்ன செய்யச் சொல்ற? தோட்டத்துத் தம்பி ஒருத்தன் நிறுத்தி, 'அண்ணே, மோட்டார் ரோசாக்கா, ஓடலையா? ஏறுங்க'ன்னான். இல்ல, சும்மா நடக்கறேன்னு எப்படிச் சொல்றது?"

அடுத்த நாளும் அதுவே நடந்தது. இந்த முறை ஒரு லாரிக்காரர். எங்கள் ஊரின் நல்ல மனசு என் கணவரை நடக்க விடவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன், "இருங்க, நானும் வரேன். ரெண்டு பேரா போனா யாரும் ஏறச் சொல்ல மாட்டாங்க."

சும்மா கைவீசி நடக்க எனக்கும் வெட்கம். பிரம்புக் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டேன். பார்க்கிறவர்கள் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொள்ளட்டும். அப்படித்தான் எங்கள் நடை தொடங்கியது. தாமானைச் சுற்றி, ரப்பர் காட்டு ஓரமாகப் போகிற செம்மண் பாதையில் கொஞ்ச தூரம். அந்த நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வரும். அவருக்கு முதலில் மூச்சு வாங்கியது. பாதை முடிகிற இடத்தில் சாக்கடைமேல் ஒரு சிறிய கற்பாலம் இருந்தது. அங்கே உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத் திரும்புவோம்.

கையில் கூடை இருந்ததால் அது வெறுமையாகத் திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை. பாதையோரத்தில் தோட்டத்து நாட்களில் நாங்கள் பறித்துச் சமைத்த கீரைகள் இருந்தன. பாக்கு எனப்படும் காட்டுப் பெரணியின் சுருள் தளிர்கள், மணத்தக்காளி, குப்பைக்கீரை. பட்டணத்துக்கு வந்தபின் இவற்றை நான் தொட்டதே இல்லை. தளிரை நெத்திலி போட்டு வதக்கி வைத்தேன். என் கணவர் இரண்டாவது முறை சோறு கேட்டார். சோறு கிடையாது, கீரை வேண்டுமானால் தருகிறேன் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கீரையை மட்டும் சாப்பிட்டார்.

அந்தக் கற்பாலத்தில் உட்கார்வதில் ஒரு தொல்லை இருந்தது. நாற்றம். பாசாரிலிருந்து வருகிற சிவப்பு பிளாஸ்டிக் பைகள், டின்கள், கிழிந்த ஜப்பான் செருப்புகள் எல்லாம் பாலத்தின் வாயில் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கறுத்துத் தேங்கி நின்றது. கொசு மொய்க்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் என் கணவர் ஒரு கம்பை முறித்துக் குத்தினார். ஒரு பை விலகியதும் தண்ணீர் கடகடவென்று உள்ளே இழுத்துக்கொண்டு ஓடியது. அவர் சின்னப் பையனைப் போல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியா? ஓடுது!"

மறுநாள் அவர் ஒரு சாக்கும் எடுத்து வந்தார். குத்தி எடுத்த குப்பையைச் சாக்கில் போட்டுத் தாமானின் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டினார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. நான் கூடையோடு, அவர் சாக்கோடு. நான் பறிப்பேன், அவர் பொறுக்குவார். போத்தல்களைத் தனியாக வைத்துப் பழைய சாமான் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுவார். அந்தச் சாக்குதான் வினையாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் கணவரின் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் கோலா கெடாவில் படகுத்துறையில் வேலை பார்ப்பவர். பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் தவிர எங்கும் போகாத மனிதர். பஸ் மாறி மாறி வந்திருந்தார். ஒரு கையில் அரிசி மூட்டை, மறு கையில் தாளில் சுற்றிய கருவாடு.

"வாங்க மாமா" என்று நான் வாங்கப் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. என் கணவர் குளித்துவிட்டு வெளியே வந்ததும் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எளைச்சுப் போயிட்டியேடா."

"ஆமாண்ணே, கொஞ்சம் கொறைஞ்சிருக்கு" என்று என் கணவர் பெருமையாகச் சொன்னார்.

அவ்வளவுதான், மாமாவின் குரல் உடைந்துவிட்டது. "வேல போச்சுன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெல்ல விசாரித்தபோது கதை வெளியே வந்தது. எங்கள் மாதா கோயிலுக்குப் பூசைக்கு வருகிற ஒருவர், காலையில் பஸ்ஸில் போகும்போது எங்களைப் பார்த்திருக்கிறார். கிராணி சாக்கு தூக்கிப் போத்தல் பொறுக்குகிறார், பொண்டாட்டி ரோட்டோரத்தில் கீரை பறிக்கிறாள், மோட்டாரையும் விற்றுவிட்டார்கள் போல என்று அவர் யாரிடமோ வருத்தப்பட்டுச் சொல்ல, அந்த வருத்தம் வாய் மாறி வாய் மாறிக் கோலா கெடாவரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

என் கணவர் முதலில் திகைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் தொற்றிக்கொண்டது. மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிங்கடா, நல்லா சிரிங்க! நான் அலோர் ஸ்டார்ல பஸ் மாறினதுலேருந்து அழுதுகிட்டே வந்திருக்கேன். பக்கத்து சீட்டுச் சீனக் கெழவி எனக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்திச்சு!"

அதைக் கேட்டதும் எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. என் கணவர் போய் அண்ணனின் காலருகே தரையில் உட்கார்ந்தார். அண்ணன் அவர் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார். பிறகு அதே கையால் ஈரத்தலையைத் துவட்டிவிட்டார். அப்பா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவர் அவர்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் எப்படி வளர்த்திருப்பார் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிறு. பூசைக்கு முன்னால் மாமாவும் எங்களோடு நடக்க வந்தார். வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தார். கற்பாலத்தில் என் கணவர் வேலையைக் காட்டியபோது சட்டென்று குனிந்து பார்த்தார்.

"எங்க ஆத்துலயும் இதே பைதான் மெதக்குது. படகு வெசிறியில சுத்திக்கும். மீன் புடிக்கப் போனவன் நடுக்கடல்ல நின்னு வெட்டி எடுக்கணும்" என்றார். பிறகு பாலத்தின் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏய், உள்ள ஒரு டயர் கெடக்குடா" என்றார்.

அந்த டயர் என் கணவருக்குத் தெரிந்ததுதான். தனியாக இழுத்துப் பார்த்து விட்டுவிட்டார். இப்போது அண்ணன் தம்பி இருவரும் கால்சட்டையை மடித்துக்கொண்டு சாக்கடையில் இறங்கிவிட்டார்கள். ஒருவர் இழுக்க, ஒருவர் திட்ட, இருவரும் முழங்கால்வரை கறுத்துப் போனார்கள். சத்தம் கேட்டு மக்சிக்கின் கணவர் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார். மூவருமாக அதை வெளியே உருட்டியபோது, அடியில் கிடந்த சேறு முழுவதும் தண்ணீரோடு போயிற்று. பூசைக்கு நாங்கள் தாமதமாகத்தான் போனோம். மாமாவிடம் சோப்பு வாசத்தையும் மீறிச் சாக்கடை வாசம் வந்தது. எங்களைப் பற்றி வருத்தப்பட்டவர் முன் வரிசையில் இருந்தார். மாமா வேண்டுமென்றே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

சாக்கடை அதன்பிறகு எப்போதும் சுத்தமாக இருந்தது என்று சொல்ல முடியாது. பைகள் வந்துகொண்டேதான் இருந்தன. யாரோ ஒருவர், என் கணவர் பட்டணத்துக் குப்பை வண்டிக்காரர் என்று நினைத்து எங்கள் கேட்டிலேயே குப்பையைக் கட்டித் தொங்கவிட்டுப் போனதும் உண்டு. ஆனால் அந்த வருட மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. மருத்துவமனையில் அந்த இளம் மருத்துவர் அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, மாத்திரையை இன்னும் தள்ளிப்போடலாம் என்றார்.

எனக்குக் கிடைத்தது வேறு. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் பேசியதெல்லாம் சமையல், சாமான், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். நடக்கும்போது அவர் தானாகப் பேசினார். சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் பாடியதையும், குரல் உடைந்ததும் வெட்கப்பட்டு நிறுத்தியதையும் சொன்னார். ஒருநாள் காட்டோரத்தில் ஆளில்லாத இடத்தில் பாடியும் காட்டினார். சுதி சேரவில்லை. நான் நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது.

சில வருடங்கள் கழித்து அவருக்குச் சுங்கைப் பட்டாணிக்கு மாற்றல் வந்தது. சிடாம் கிரிப் பக்கம் வாடகைக்கு வீடு கிடைத்தது. சாமான்கள் பெட்டியில் இருக்க, முதல் நாள் காலையிலேயே இருவரும் புது கேட்டருகே வந்து நின்றோம். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

"எடது பக்கம் போவோம்" என்றார் அவர். "நெய்யில ரொட்டி சானாய் சுடற கடை இருக்கு. விசாரிச்சிட்டேன்."

"அப்ப வலது பக்கம்" என்றேன். சிரித்துக்கொண்டே அவர் வலது பக்கம் திரும்பினார்.